வைஃபைக்கு எந்தப் பூட்டு? டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3, ஆளுக்கொரு கணக்கு: ஓர் ஒப்பீடு

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் ரூட்டரைச் சுவரில் மாட்டுவார், பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார், "பாஸ்வேர்டா உங்க மொபைல் நம்பரையே வெச்சிருக்கேன் சார், மறக்காது" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. இரண்டு வருடம் அதை நான் மாற்றவில்லை. அது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதைக் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

பிறகு என்றாவது ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால், பாதுகாப்பு முறை என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 (WPA2), டபிள்யூபிஏ3 (WPA3) என்று ஐந்தாறு பெயர்கள் வரிசையாக நிற்கும். காற்றில் போகும் வைஃபை தகவலைப் பூட்டும் முறைகள் இவை. இதில் எதை வைப்பது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர்: வீட்டுக்காரர்கள், கடையோ டியூஷன் சென்டரோ நடத்துபவர்கள், பத்து இருபது பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகத்தார். மூவருக்கும் ஒரே பதில் கிடையாது.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, தெருவில் நிற்கும் ஒருவர் காற்றில் போகும் தகவலைப் பிடித்து, வீட்டுக்குக் கொண்டுபோய், சாவகாசமாகப் பாஸ்வேர்டை ஊகிக்க முடியுமா? இரண்டாவது, பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களின் தகவலைப் படிக்க முடியுமா? வீட்டில் இது பெரிய விஷயமில்லை. ஹாஸ்டலிலும் கடையிலும் இதுதான் முக்கியம். மூன்றாவது, ஒருவர் விலகிப் போனால் அவரை மட்டும் வெளியேற்ற என்ன செய்ய வேண்டியிருக்கும்? நான்காவது, உங்களிடம் இருக்கும் பழைய பிரின்டர், ஸ்மார்ட் பிளக், கேமரா எல்லாம் அந்த முறையில் இணையுமா? ஐந்தாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்: ஆறு மாதம் கழித்து ஏதாவது பழுதானால் சரிசெய்ய வீட்டில் அல்லது கடையில் யார் இருக்கிறார்கள்?

வேகம் இந்தப் பட்டியலில் இல்லை. டபிள்யூபிஏ2-க்கும் டபிள்யூபிஏ3-க்கும் இடையே வேகத்தில் நீங்கள் உணரக்கூடிய வித்தியாசம் எதுவும் வராது.

## போட்டியிலேயே சேர்க்கக்கூடாதவை

வைஃபையின் முதல் பூட்டு முறையான டபிள்யூஇபி (WEP) 1997-ல் வந்தது. 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று ஆய்வாளர்களும் அதன் அடிப்படைக் குறையைக் காட்டினார்கள். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் அதன் சாவியைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அதற்கு மாற்றாக 2003-ல் அவசரமாக வந்த முதல் டபிள்யூபிஏ, அதாவது டிகேஐபி (TKIP) என்று போட்டிருப்பது, 2008-லேயே விரிசல் விட்டது. உங்கள் ரூட்டரில் இவை மட்டும்தான் இருக்கின்றன என்றால் செட்டிங்கை மாற்றிப் பயனில்லை, ரூட்டரைத்தான் மாற்ற வேண்டும். "டிகேஐபி + ஏஇஎஸ்" என்று இரண்டையும் சேர்த்துக் காட்டினால் ஏஇஎஸ் (AES) மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள்; தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் வலுவான குறியாக்க முறை அதுதான்.

## டபிள்யூபிஏ2 பெர்சனல்: எல்லோரிடமும் இருப்பது

2004-ல் வந்தது. பெர்சனல் என்றால் எல்லோருக்கும் பொதுவாக ஒரே பாஸ்வேர்டு. நம் வீடுகளில் இன்றும் பெரும்பாலும் இதுதான் ஓடுகிறது. இதன் ஏஇஎஸ் குறியாக்கத்தை நேரடியாக யாரும் உடைத்துவிடவில்லை. பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு போன் ரூட்டரோடு இணையும்போது இரண்டுக்கும் இடையே நான்கு செய்திகள் போய் வரும். பாஸ்வேர்டு அதில் நேரடியாகப் போவதில்லை. ஆனால் பாஸ்வேர்டு சரியா என்று சோதித்துப் பார்க்கப் போதுமான தடயம் அந்தச் செய்திகளில் இருக்கிறது. ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் பிறகு உங்கள் வீட்டுப் பக்கமே வரவேண்டாம், தன் கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்கள் ரூட்டருக்கு இது தெரியவே தெரியாது. 2018 ஆகஸ்டில் யென்ஸ் ஸ்டொய்பே என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இன்னொரு வழியையும் வெளியிட்டார்: பல ரூட்டர்களில் யாரும் இணையும் வரை காத்திருக்கக்கூடத் தேவையில்லை, ரூட்டர் தரும் முதல் செய்தி ஒன்றே போதும்.

இப்போது அந்த மொபைல் நம்பர் கணக்குக்கு வருவோம். இந்திய மொபைல் எண்ணுக்குப் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று. ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் கேம் விளையாட வாங்கும் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு நொடிக்குச் சுமார் 10 லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும். 400 கோடியை 10 லட்சத்தால் வகுத்தால் 4,000 நொடி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பிறந்த தேதி என்றால் கணக்கே வேண்டாம்: நூறு வருடத்துக்கும் சேர்த்து 37,000 தேதிகள்கூட இல்லை, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2021-ல் இடோ ஹூர்விட்ச் என்ற ஆய்வாளர் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரத் தெருக்களில் சுற்றி 5,000 வைஃபை இணைப்புகளின் தடயங்களைச் சேகரித்தார். அவற்றில் சுமார் 70 சதவீதத்தின் பாஸ்வேர்டுகளைக் கண்டுபிடித்துவிட்டார். முதலில் சிக்கியவை எவை தெரியுமா? மொபைல் எண்கள். அந்த ஊரிலும் அதே பழக்கம்.

சரி, அப்படியென்றால் டபிள்யூபிஏ2 வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். எந்த ஒழுங்குமில்லாமல் எடுத்த 12 சின்ன எழுத்துகளை வைத்தால், அதே கிராபிக்ஸ் கார்டுக்கு எல்லாவற்றையும் முயன்று முடிக்க 3,000 வருடம் ஆகும். நூறு கார்டுகளை வைத்தாலும் 30 வருடம். நினைவில் நிற்க வேண்டும் என்றால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். உரல், பித்தளை, ஞாயிறு, கொடுக்காப்புளி, தாழ்வாரம் என்பதுபோல. பாட்டு வரி, பழமொழி, சாமி பெயர் மூன்றும் கூடாது. அவையெல்லாம் ஊகிப்பவர்கள் முதலில் முயலும் பட்டியலில் இருக்கும்.

டபிள்யூபிஏ2-ன் அடுத்த குறையை 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்தி வன்ஹூஃப், ஃபிராங்க் பீசென்ஸ் இருவரும் வெளியிட்டார்கள். கிராக் என்று பெயர் வைத்தார்கள். அந்த நான்கு செய்திகளில் மூன்றாவதை மறுபடி மறுபடி அனுப்பினால் போன் தான் அனுப்பும் தகவலுக்கு இடும் வரிசை எண்ணை ஆரம்பத்திலிருந்து தொடங்கிவிடுகிறது, அதனால் குறியாக்கம் பலவீனமாகிறது என்பதுதான் விஷயம். ஆண்ட்ராய்டு 6 போன்களில் சாவியே வெறும் பூஜ்யங்களாகிவிட்டது. இதற்கு மருந்து புது முறை இல்லை, சாஃப்ட்வேர் அப்டேட். அப்டேட் நின்றுபோன பழைய போனில் அந்த ஓட்டை இன்றும் அப்படியேதான் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. ஒரே பாஸ்வேர்டை எல்லோரும் பகிர்வதால், அது தெரிந்த ஒருவர் இன்னொருவர் இணையும் நேரத்தில் அந்தச் செய்திகளைப் பிடித்துவிட்டால் அவருடைய போக்குவரத்தைப் பிரித்துப் படிக்கலாம். இணையதளங்கள் பெரும்பாலும் தாங்களே குறியாக்கம் செய்வதால் வங்கிப் பாஸ்வேர்டு அப்படியே வெளியே போய்விடாது. ஆனால் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் எல்லாச் சாதனத்திலும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அந்த வேலையை யாரும் செய்வதில்லை.

எப்போது இதுவே சரி? வீட்டில் நான்கைந்து பேர், நிறையப் பழைய சாதனங்கள், நல்ல நீளமான பாஸ்வேர்டு, ரூட்டரை இப்போது மாற்ற வசதியில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் கவலைப்படாமல் இதிலேயே இருக்கலாம்.

## டபிள்யூபிஏ3 பெர்சனல்: ஊகிப்பதைத் தடுப்பது

2018-ல் வந்தது. 2020 ஜூலைக்குப் பிறகு வைஃபை சாதனங்களைச் சோதித்துச் சான்று தரும் வைஃபை அலையன்ஸ் அமைப்பின் சான்றிதழ் பெறும் புதுச் சாதனங்களுக்கு இது கட்டாயம். இதன் பெரிய மாற்றம் ஒன்றுதான்: பாஸ்வேர்டை ஊகிக்க வேண்டுமானால் ஒவ்வொரு ஊகத்துக்கும் ரூட்டரோடு நேரடியாகப் பேசியாக வேண்டும். பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போய் உட்கார்ந்து சோதிக்க முடியாது. நொடிக்கு 10 லட்சம் என்ற கதை அங்கே முடிந்துவிடுகிறது. இன்று பதிவு செய்து வைத்துக்கொண்டு, நாளை பாஸ்வேர்டு தெரிந்த பிறகு பிரித்துப் பார்க்கலாம் என்பதும் நடக்காது. ஹாஸ்டல் மாதிரி இடத்துக்கு இது உண்மையான பலன்.

இன்னொன்று, போனை வலுக்கட்டாயமாகத் துண்டிக்கும் போலிச் செய்திகளை இது ஏற்காது. டபிள்யூபிஏ2-ல் அந்தப் பாதுகாப்பு கட்டாயமில்லை என்பதால் யார் வேண்டுமானாலும் "இணைப்பை விடு" என்று ரூட்டர் சொல்வதுபோலச் சொல்லிவிடலாம். வைஃபை கேமராவை நம்பி வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பி அடைத்துவிடுவதை டபிள்யூபிஏ3-யாலும் தடுக்க முடியாது. வாசல் கேமராவுக்கு முடிந்தால் கேபிள் இழுத்துவிடுங்கள்.

இதுவும் குறையில்லாதது இல்லை. 2019 ஏப்ரலில் அதே வன்ஹூஃபும் இயால் ரோனனும் டிராகன்பிளட் என்ற பெயரில் சில ஓட்டைகளைக் காட்டினார்கள். அப்டேட் மூலம் பெரும்பாலும் அடைத்தார்கள். 2021 மே மாதம் வன்ஹூஃப் வெளியிட்ட ஃபிராக்அட்டாக்ஸ் குறைகளில் மூன்று வைஃபையின் வடிவமைப்பிலேயே இருப்பவை. டபிள்யூஇபி காலம் முதல் டபிள்யூபிஏ3 வரை எல்லாவற்றையும் அவை தொட்டன. அப்டேட் வராத ரூட்டரில் டபிள்யூபிஏ3 என்ற பெயர் மட்டும் பெரிதாக உதவாது.

செலவு சாதனங்களில் வரும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13, விண்டோஸ் 10-ன் 2019 மே வெளியீடு இவற்றுக்குப் பிந்தைய போன், லேப்டாப் என்றால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. ஆனால் 800 ரூபாய் ஸ்மார்ட் பிளக், ஐந்து வருடத்துக்கு முந்தைய பிரின்டர், பழைய டிவி? அவை பெரும்பாலும் இணையாது. இணையாது என்று தெளிவாகவும் சொல்லாது, "பாஸ்வேர்டு தவறு" என்று காட்டும். நீங்கள் அரை நாள் பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

## இரண்டும் கலந்த முறை: பலரும் தடுக்கி விழும் இடம்

பழையதும் இணைய வேண்டும், புதியதும் வேண்டும் என்பதற்காக ரூட்டர்களில் "டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3" என்று ஒன்று இருக்கும். ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. கேட்க நன்றாக இருக்கிறது. நானும் ஆரம்பத்தில் எல்லோருக்கும் இதைத்தான் சொன்னேன்; இப்போது சொல்வதில்லை.

காரணம் இதுதான். உங்கள் வைஃபையின் பெயரிலேயே டபிள்யூபிஏ2 மட்டும் உள்ள போலி ரூட்டர் ஒன்றை ஒருவர் தெருவில் வைத்தால், உங்கள் புது போன்கூட அதோடு பழைய முறையில் பேசத் தொடங்கலாம். இணைப்பு கடைசியில் தோற்றுவிடும். ஆனால் அதற்குள் ஊகிக்கத் தேவையான தடயம் அவர் கைக்குப் போயிருக்கும். போனே வேண்டாம், பழைய ஸ்மார்ட் பிளக் ஒன்று வழக்கம்போல இணைந்தாலே போதும். பாஸ்வேர்டு இரண்டு முறைக்கும் ஒன்றுதான் என்பதால் டபிள்யூபிஏ3 கொடுத்த முக்கியப் பலன் போய்விடுகிறது. பாஸ்வேர்டு நீளமாக இருந்தால் பாதகமில்லை. மொபைல் நம்பராக இருந்தால் டபிள்யூபிஏ2-ல் இருப்பதும் இதில் இருப்பதும் ஒன்றே.

இதைவிட நல்ல வழி, இரண்டு தனித்தனி வைஃபை பெயர்கள். போன், லேப்டாப்புக்கு டபிள்யூபிஏ3 மட்டும் உள்ள ஒன்று. பழைய சாதனங்களுக்கு வேறு பெயரில், வேறு பாஸ்வேர்டில், டபிள்யூபிஏ2-ல் இன்னொன்று. பெரும்பாலான ரூட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதியை இதற்கே பயன்படுத்தலாம். ஒரு மலிவு பிளக் வழியாக யாராவது உள்ளே வந்தாலும் உங்கள் லேப்டாப் இருக்கும் பக்கம் வர முடியாமல் அது பிரித்து வைக்கும். லேப்டாப் அதை எட்ட முடியாமல் போவதால் பிரின்டர் மட்டும் தொல்லை தரும். அதைக் கேபிளில் ரூட்டரோடு இணைத்துவிட்டால் தீர்ந்தது.

## ஆளுக்கொரு கணக்கு: என்டர்பிரைஸ்

கல்லூரியில் எஜுரோம் (கல்வி நிறுவனங்களுக்கான பொது வைஃபை) பயன்படுத்தியவர்களுக்கு இது தெரியும். பொதுப் பாஸ்வேர்டு கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு அல்லது சாதனத்துக்குள் ஒரு சான்றிதழ், அதாவது அது யாருடையது என்று நிரூபிக்கும் டிஜிட்டல் கோப்பு. ஒருவர் வேலையை விட்டால் அவர் கணக்கை மூடினால் போதும், மற்றவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் சாவி தனி என்பதால் பக்கத்து மேஜைக்காரர் ஒட்டுக்கேட்கவும் முடியாது.

கணக்குகளைச் சரிபார்க்க ரேடியஸ் சர்வர் ஒன்று வேண்டும். அதற்கான ஃப்ரீரேடியஸ் சாஃப்ட்வேர் இலவசம், பழைய கணினியிலேயே ஓடும். அதனால் "செலவே இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. செலவு இருக்கிறது, அது ஆள் செலவு. சர்வரின் சான்றிதழ் ஒருநாள் காலாவதியாகும். அன்று காலை ஒன்பதரை மணிக்கு அலுவலகத்தில் ஒருவருக்கும் வைஃபை இருக்காது, அமைத்துக் கொடுத்தவர் போனை எடுக்க மாட்டார். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் இப்படி ஆகி, கோபத்தில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கம்பெனி பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டுக்குப் போய்விட்டார்கள். தொடங்கிய இடத்தைவிட மோசமான இடம் அது.

இன்னொரு ஆபத்து அமைப்பதில் இருக்கிறது. பெயரும் பாஸ்வேர்டும் வைத்து நுழையும் முறையில் பெரும்பாலும் எம்எஸ்சாப்வி2 என்ற பழைய முறை உள்ளே இருக்கும். 2012-ல் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் அதை ஒரே நாளில் உடைக்கலாம் என்று காட்டினார்கள். போன் சர்வரின் சான்றிதழைச் சரிபார்த்தால் இதனால் பாதிப்பில்லை. ஆனால் "சரிபார்க்க வேண்டாம்" என்று அமைத்துவிட்டால் எந்தப் போலி ரூட்டருக்கும் ஊழியரின் பாஸ்வேர்டு போய்விடும். அது அவருடைய மெயில் பாஸ்வேர்டாகவும் இருந்தால் சேதம் வைஃபையோடு நிற்காது. சான்றிதழ் வழியாக நுழைவதே சரியான வழி. அமைக்க இன்னும் கொஞ்சம் உழைப்பு கேட்கும்.

இதற்கும் பெர்சனலுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. அலுவலகத்துக்கென விற்கும் சில வைஃபை கருவிகளில், ஒரே வைஃபை பெயருக்கு ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுக்கலாம். சர்வர் வேண்டாம், பழைய சாதனங்களும் இணையும், ஒருவர் போனால் அவர் பாஸ்வேர்டை மட்டும் அழிக்கலாம். பெரும்பாலும் டபிள்யூபிஏ2-ல்தான் ஓடும் என்பதால் ஒவ்வொரு பாஸ்வேர்டும் நீளமாக இருக்க வேண்டும். பத்து முதல் முப்பது பேர் உள்ள இடத்துக்கு எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

## பூட்டே இல்லாத வைஃபை

வாடிக்கையாளருக்கு வசதி என்று திறந்த வைஃபை வைத்து, ஓடிபி கேட்கும் பக்கம் ஒன்றைக் காட்டுவார்கள். அந்தப் பக்கம் யார் வந்தார் என்று பதிவு செய்யத்தான். காற்றில் போகும் தகவலுக்கு அது எந்தக் குறியாக்கமும் தராது. சிக்கல் வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல, உரிமையாளருக்கும்தான். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் தேடிப்போன போலீஸ், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவருடைய வைஃபை பூட்டாமல் இருந்தது. அவர் அனுப்பவில்லை, ஆனாலும் விசாரணையில் சிக்கிக்கொண்டார். கடையில் வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதென்றால் பில் போடும் கணினி இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, பாஸ்வேர்டை எழுதி மாட்டி, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

## ஒரே பார்வையில்

| | தடயத்தை எடுத்துப்போய் ஊகிக்கலாமா | உள்ளிருப்பவர் ஒட்டுக்கேட்கலாமா | ஒருவர் விலகினால் | பழைய சாதனம் | பராமரிப்பு |
|---|---|---|---|---|---|
| டபிள்யூபிஏ2 | ஆம் | ஆம் | எல்லோருக்கும் மாற்ற வேண்டும் | இணையும் | குறைவு |
| கலந்த முறை | ஆம் | பழைய முறையில் இணைபவரை | எல்லோருக்கும் மாற்ற வேண்டும் | பெரும்பாலும் இணையும் | குறைவு |
| டபிள்யூபிஏ3 | இல்லை | இல்லை | எல்லோருக்கும் மாற்ற வேண்டும் | இணையாமல் போகலாம் | குறைவு |
| ஆளுக்கொரு பாஸ்வேர்டு | ஆம் | மற்றவர் பாஸ்வேர்டு தெரியாதவரை இல்லை | அவரை மட்டும் | இணையும் | நடுத்தரம் |
| என்டர்பிரைஸ் | சான்றிதழ் முறையில் இல்லை | இல்லை | அவரை மட்டும் | பல இணையாது | அதிகம் |

ஒன்றை மட்டும் அட்டவணையில் அடக்க முடியவில்லை. பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் உங்கள் வைஃபை பெயரிலேயே போலி ரூட்டர் வைத்து மற்றவர்களை அதில் இணைய வைப்பதை டபிள்யூபிஏ3 பெர்சனலும் தடுக்காது. ஊழியர்கள் அடிக்கடி மாறும் இடத்தில் இதையும் கணக்கில் வையுங்கள்.

## எதைத் தேர்ந்தெடுத்தாலும் செய்ய வேண்டியவை

டபிள்யூபிஎஸ் (WPS), அதாவது பாஸ்வேர்டு அடிக்காமல் சாதனத்தை இணைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அதற்கு எட்டு இலக்க PIN எண் என்பார்கள், ஆனால் ரூட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சி போதும் என்று 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் காட்டினார். உங்கள் 12 எழுத்துப் பாஸ்வேர்டைத் தொடாமலேயே அந்த வழியாக உள்ளே வந்துவிடலாம்.

ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு இன்னும் "அட்மின்" என்றே இருந்தால் அதையும் மாற்றுங்கள். வெளியிலிருந்து ரூட்டரை இயக்கும் வசதி தேவையில்லை என்றால் மூடுங்கள். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு முடங்கியது வைஃபை பாஸ்வேர்டால் இல்லை. தொலைவிலிருந்து பராமரிக்கத் திறந்து வைத்திருந்த ஒரு வாசலால்.

வைஃபை பெயரை மறைத்து வைப்பது, மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்தின் அடையாள எண்) வைத்து வடிகட்டுவது இரண்டிலும் நேரம் செலவிட வேண்டாம். இரண்டையும் காற்றைக் கவனிக்கும் யாரும் சில நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள்.

## நானாக இருந்தால்

வீட்டுக்கு: ரூட்டரில் டபிள்யூபிஏ3 இருந்தால் இரண்டு பெயர் வழி. இல்லையென்றால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், ஐந்து சொல் பாஸ்வேர்டு. இதற்காக மட்டும் புது ரூட்டர் வாங்க வேண்டாம். ஆனால் அப்டேட் வருவது நின்றுபோன ரூட்டரை வாய்ப்பு வரும்போது மாற்றிவிடுங்கள்.

கடை, டியூஷன் சென்டருக்கு: உங்கள் கணினிகளுக்கு ஒன்று, வருபவர்களுக்கு ஒன்று. வருபவர்களுக்கானதில் டபிள்யூபிஏ3 வைக்க முடிந்தால் நல்லது, ஆனால் பழைய போனோடு வரும் பிள்ளைகள் வெளியே நிற்க நேர்ந்தால் டபிள்யூபிஏ2 போதும். அதில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்காதபடி பிரித்து வைக்கும் வசதியை மறக்காமல் போடுங்கள்.

அலுவலகத்துக்கு: ஐடி ஆள் ஒருவர் நிரந்தரமாக இருந்தால் சான்றிதழோடு என்டர்பிரைஸ். இல்லையென்றால் ஆளுக்கொரு பாஸ்வேர்டு.

மாற்றுவதை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வீட்டில் வைஃபையில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். இன்வெர்ட்டர், வாசல் மணி, வாட்டர் ப்யூரிஃபையர் என்று நினைத்தே பார்க்காதவை எல்லாம் அதில் வரும். டபிள்யூபிஏ3-ல் ஒன்று இணையவில்லை என்றால் பாஸ்வேர்டைத் திரும்ப அடிக்காமல் நேராக இரண்டாவது பெயருக்குக் கொண்டுபோங்கள். முடித்த பிறகு போனின் வைஃபை விவரப் பக்கத்தைத் திறந்து, பாதுகாப்பு என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அங்கே இன்னும் டபிள்யூபிஏ2 என்றிருந்தால் போனில் அந்த வைஃபையை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள்.